பெட்டி நிறைய விறகு

இந்தப் பள்ளத்தாக்கில் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. வாரத்தில் நான்கே நாள். பஸ்ஸுக்கு டீசல் மிச்சம், கட்டடத்துக்குக் கணப்பு மிச்சம் என்று எப்போதோ ஒரு கூட்டத்தில் கையைத் தூக்கி முடிவு செய்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்றைக்கு வேலைக்குப் போகிற தாய்மார்கள் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் விடுவார்கள் என்று ஒரு ஆள் வாயைத் திறந்து கேட்டதாகத் தெரியவில்லை. கேட்காமலே வழி பிறந்துவிட்டது. பெரியது சின்னதைப் பார்த்துக்கொள்ளும். சான் லூயிஸ் பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளிக்கிழமைகளில் பத்து வயசுப் பிள்ளைகள்தான் குடும்பம் நடத்துகின்றன. வாத்தியார்களுக்குத் தெரியும், பாதிரியாருக்குத் தெரியும், ஷெரீஃபுக்கும் தெரியும். ஏதாவது ஆகிவிட்டால் மட்டும் யாருக்கும் எதுவும் தெரியாது.

ஓர்லிண்டா மாயெஸ்தாஸ் வீட்டில் ஆகிவிட்டது.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பதினான்கு மைல் தள்ளி இருக்கும் முதியோர் இல்லத்தில் ஆயா வேலை. காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். பிள்ளைகள் இரண்டு. டெலியாவுக்குப் பத்து வயது, நீலோவுக்கு நான்கு. தகப்பன் டெக்ஸாஸ் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போனவன், நீலோ பிறந்த வருடத்தோடு போன் எண்ணை மாற்றிக்கொண்டான். அவன் கதை அவ்வளவுதான்.

குளிர்காலத்தில் இங்கே ஒரு வழக்கம் உண்டு. இருட்டுவதற்கு முன்னால் கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் விறகுப் பெட்டியை நிரப்பிவிட வேண்டும். சாயங்காலம் கடையில் பார்த்தாலும் சர்ச்சில் பார்த்தாலும் "பெட்டி நிரப்பியாச்சா?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். நிரப்பவில்லை என்று ஒருவரும் சொல்வதில்லை. சொன்னால் சோம்பேறி என்று பெயர் வரும், பெண்பிள்ளையாக இருந்தால் அதற்கு மேலேயும் நாலு பெயர் வரும்.

அந்த ஜனவரி வியாழக்கிழமை ஓர்லிண்டா நிரப்பவில்லை. ஒரே நாளில் இரண்டு ஆள் வேலையைப் பார்த்துவிட்டு வந்தாள். பூட்ஸைக் கழற்றிய பிறகுதான் பெட்டி கண்ணில் பட்டது. அடியில் சில கட்டைகள் கிடந்தன. விறகுக் குவியல் கொட்டகைக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில். கழற்றிய பூட்ஸை மறுபடி மாட்டிக்கொள்ள அவளுக்கு உடம்பு வணங்கவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டாள். யார்தான் அப்படிப் படுத்ததில்லை?

காலையில் ட்ரக் கிளம்பவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு டிகிரி. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பாட்டரிக்கு ஒயர் கொடுத்து உயிர்ப்பிப்பதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. ஓடுகிற எஞ்சினை விட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தவள், பாதித் தூக்கத்தில் இருந்த டெலியாவிடம், மகளைக் கொஞ்சும் ஸ்பானிஷ் 'மிஹா'வோடு சொன்னாள்: "விறகு தீர்ந்தா குவியல்ல இருந்து எடுத்துக்கோ மிஹா. கோட்டு போட்டுட்டுப் போ. தம்பிய வெளிய விட்றாத."

டெலியா அப்படியேதான் செய்தாள். பத்து மணிக்குக் கட்டை தீர்ந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள். தார்ப்பாய் உறைந்து பலகையாகிக் கிடந்தது, அதைப் பிய்த்து எடுக்கவே நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் நீலோ அக்காவைத் தேடி முன்வாசலைத் திறந்துகொண்டு போய்விட்டான், காலுறையோடு, கையுறை இல்லாமல். டெலியா இரண்டு நடை விறகு கொண்டுவந்து போட்டுவிட்டு, அவன் போர்வைக்குள் தூங்குகிறான் என்று நினைத்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். பிறகு போர்வையை விலக்கிப் பார்த்தாள். வேலிக்குப் பக்கத்தில் அவனைக் கண்டுபிடித்துத் தூக்கி வந்தவளும் அவள்தான். உயிர் தப்பியது. இடது கையில் இரண்டு விரல் நுனிகளைப் பனிக்கடி கொண்டுபோய்விட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு ரூபி வால்தெஸ் வந்தாள். கவுண்டியின், அதாவது மாவட்ட நிர்வாகத்தின், குழந்தைகள் நலப் பிரிவில் வேலை பார்ப்பவள். ஓர்லிண்டாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு.

"ஓர்லி, நான் இப்ப உன் சிநேகிதியா வரல. ஆபீஸ் ஆளா வந்திருக்கேன். பார்த்துப் பேசு."

"கேக்கறத கேளுடி."

"வீட்ல விறகு இருந்துச்சா?"

விறகு இல்லை என்று சொன்னால் பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒன்றே ஒன்றுதான் அந்த நேரம் ஓர்லிண்டாவின் மண்டைக்குள் ஓடியது.

"இருந்துச்சு. பெட்டி நிறைய இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு டெலியா பையனத் தனியா விட்டுட்டு வெளிய போனா?"

"தெரியல. வாசப்படி தாண்டாதன்னு அவகிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுத்தான் போனேன்."

எதிர் நாற்காலியில் டெலியா உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள். ரூபி எழுதிக்கொண்டாள்.

பொய் சொல்லியும் பிரயோஜனமில்லை. பத்து வயசுப் பிள்ளையை நம்பி நாலு வயசுப் பிள்ளையை விட்டுப் போனாள் என்று அன்று சாயங்காலமே கவுண்டி இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டது. முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற லொயிஸ் என்ற அம்மாள் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஓர்லிண்டா அவர்களைப் பார்க்க வாரம் ஒரு மணி நேரம், செவ்வாய்க்கிழமை, கவுண்டி ஆபீஸின் பொம்மை அறையில்.

ஐந்து வாரம் இப்படியே போனது. கோர்ட் அவளுக்கு ஒரு வக்கீலைக் கொடுத்தது. பெயர் கெஸ்லர். மலைக் கணவாயைத் தாண்டி வருகிற மனிதர், பூட்ஸில் எப்போதும் கணவாயின் பாதிப் பனி ஒட்டியிருக்கும். ஒரு திங்கட்கிழமை உற்சாகமாக வந்தார்.

"நல்ல சேதி, ஓர்லிண்டா. கவுண்டி இறங்கி வந்திருக்கு. ஒரே ஒரு வரிய ஒத்துக்கிட்டா போதும்."

அந்த வரியை விரலால் காட்டினார். பெற்றோரின் குற்றம் ஏதுமின்றி, பிள்ளைகள் தகுந்த கவனிப்பு இல்லாத நிலையில் இருந்தனர்.

"குற்றம் ஏதுமின்றியா?"

"ஆமா. புள்ளைங்களுக்குக் கவனிப்பு இல்லாம போச்சு, ஆனா உங்க மேல தப்பில்லன்னு. இந்த வழக்கு புள்ளைங்களைப் பத்தித்தான், உங்களை ஜெயில்ல போடறதுக்கு இல்ல. இதுக்கு ஒத்துக்கிட்டா அடுத்த வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் வீட்டுக்கு. ரூபி மாசம் ரெண்டு தடவை வந்து எட்டிப் பார்ப்பாங்க. உங்க வேலைக்கும் ஆபத்தில்ல."

"தப்பு என்னோடதுன்னு ஆனா?"

"அப்ப மூணு மாசமாவது புள்ளைங்க அங்கதான். கோர்ட் ஒருத்தர் மேல கவனிக்காம விட்ட குற்றம்னு எழுதிட்டா, வயசானவங்களைக் கவனிக்கற இடத்துல உங்க இல்லம் வச்சுக்காது. அது அவங்க சட்டம். ஆனா அந்தப் பேச்சே இப்ப எதுக்கு? யாரும் கேக்கலயே."

ஓர்லிண்டாவுக்கு மூச்சு வந்தது. இன்னும் பதினோரு நாள். நீலோவின் படுக்கைக்குப் புது உறை வாங்கினாள். பெட்டியை வழிய வழிய நிரப்பினாள், பக்கத்திலேயே இன்னொரு பெட்டியும் வைத்து அதையும் நிரப்பினாள். ஆளில்லாத அந்த வீட்டில் 'பெட்டி நிரப்பியாச்சா?' என்று யார் கேட்கப் போகிறார்களாம்!

மறுநாள் செவ்வாய்க்கிழமை. லொயிஸ் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஓர்லிண்டாவை வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஒரு விஷயம் சொல்லணும். இந்தப் பொண்ணு எங்க வீட்ல ஒரு கதவக்கூடத் தானாத் திறக்கறதில்ல. பாத்ரூம் கதவுக்குக்கூட என்கிட்ட வந்து கேட்டு நிக்கறா. தம்பி மேல தன் கை படாமப் பார்த்துக்கறா. முப்பது வருஷம் புள்ளைங்கள ஏத்தி எறக்கினவ நான். இது சரியில்ல."

உள்ளே நீலோ பிளாஸ்டிக் அடுப்பில் பிளாஸ்டிக் மிளகாயை வதக்கிக்கொண்டிருந்தான். மடித்துக் கட்டிய இடது கையால் கரண்டியைப் பிடிக்கிற வித்தையை அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டான். ரூபி அவனுக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து, "எனக்கு ஒரு பர்ரிட்டோ பார்சல் சார்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மேற்பார்வை என்று பெயர், நடந்தது அதுதான். ஓர்லிண்டா ஜன்னலோரம் டெலியாவை மடியில் சாய்த்துப் பின்னல் போட ஆரம்பித்தாள். டெலியா திரும்பாமலே, உதடு மட்டும் அசையப் பேசினாள்.

"மா, மிஸ் டோரன்ஸ் வந்தாங்க."

மிஸ் டோரன்ஸ் பிள்ளைகளுக்கென்று கோர்ட் வைத்த வக்கீல்.

"என்ன கேட்டாங்க?"

"விறகு இருந்துச்சான்னு கேட்டாங்க. பெட்டி நிறைய இருந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

பின்னிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"ஏன் வெளிய போனேன்னு கேட்டாங்க. பனியில விளையாடப் போனேன்னு சொன்னேன். அம்மா போகக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க, நான்தான் கேக்கலன்னு சொன்னேன்." கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: "சரியாச் சொன்னேனாமா?"

நியாயமாகப் பார்த்தால் அந்த நொடியே அவள் வாயில் உண்மை வந்திருக்க வேண்டும். வரவில்லை. எட்டடி தூரத்தில் ரூபி இருந்தாள், பத்து நாளில் வெள்ளிக்கிழமை இருந்தது.

"சரிதான் மிஹா," என்றாள் ஓர்லிண்டா.

சொன்ன வாயை அவளே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. மிச்சப் பின்னலை எப்படிப் போட்டு முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. கோணலும் மாணலுமாக இருந்தது.

வீட்டுக்குப் போய்க் கெஸ்லர் கொடுத்த பேப்பரை முதல்முறையாகக் கடைசிவரை படித்தாள். ஒத்துக்கொண்ட பிறகு குடும்பம் செய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியல். ஒன்று, வெள்ளிக்கிழமைக்கு ஒரு பெரிய ஆளை ஏற்பாடு செய்வது. இரண்டு, முன்வாசலுக்கு உயரத்தில் தாழ்ப்பாள். மூன்று, நீலோவின் கை வைத்தியம். நான்காவதை மூன்று தடவை படித்தாள். டெலியாவுக்கு வாரம் ஒரு வகுப்பு. பெரியவர்கள் சொல்லை மீறும் பழக்கத்துக்கும், அதனால் தம்பிக்கு நேர்ந்த கெடுதலைப் புரிந்துகொள்வதற்கும்.

அடப் பாவமே! கோட்டை மாட்டு என்றால் மாட்டினாள். விறகு எடு என்றால் எடுத்தாள். சொன்ன சொல்லை ஒரு எழுத்து மாறாமல் செய்த பிள்ளைக்குச் சொல் கேட்கப் பழக்குகிற வகுப்பு. பெற்றவள் மேல் குற்றமில்லை என்றால் குற்றம் காற்றிலா கரைந்துவிடும்? அதை மடித்துப் பத்து வயசுப் பெண்ணின் பையில் வைத்துவிட்டார்கள். வைத்தது கவுண்டிகூட இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளே வைத்தாள்.

கெஸ்லருக்குப் போன் செய்தாள்.

"சார், ரூபிகிட்ட நான் சொன்னது நிஜமில்ல. பெட்டியில விறகு..."

"ஓர்லிண்டா, ஒரு நிமிஷம்." அவர் கார் ஓட்டிக்கொண்டிருந்தார், ஓரம் கட்டுகிற சத்தம் கேட்டது. "அந்தப் பேப்பர்ல ஒத்துக்கற வரியில விறகுங்கற வார்த்தையே இல்ல. அத யாரும் கேக்கப் போறதில்ல."

"பொண்ணு சுமக்கறா சார்."

"புரியுது. எனக்கும் ரெண்டு இருக்கு. ஆனா நீங்க சொல்லுங்க, மூணு மாசம் அம்மா இல்லாம இருக்கறது அவளுக்கு நல்லதா, வாரத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்புல உக்காந்துட்டு வர்றது நல்லதா? வீட்டுக்கு வந்தப்புறம் மடியில வச்சுக்கிட்டு நீங்களே உண்மையைச் சொல்லிடுங்க. வீட்டுக்குள்ள முடிஞ்சுடும்."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் கஷ்டம். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வீட்டில். மடியில் வைத்துச் சொல்லிவிடலாம். அப்படித்தான் தீர்மானித்தாள். புதன்கிழமை முழுக்க, இல்லத்தில் கிழவர்களுக்குச் சோளக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, அந்தத் தீர்மானத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை கோர்ட். சின்ன அறை, சுவரோரம் சூடேறுகிற குழாய் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. கவுண்டி வக்கீல் ஒருபக்கம், ரூபி அவருக்குப் பின்னால். மிஸ் டோரன்ஸ் நடுவில். பிள்ளைகளைக் கூட்டிவரவில்லை. நீதிபதி ஹால்வர்சன் இந்தப் பள்ளத்தாக்கின் உருளைக்கிழங்குப் பண்ணையில் வளர்ந்த பெண்மணி, அறுபது வயதிருக்கும். குரலை உயர்த்தாமல், ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"மிஸ் மாயெஸ்தாஸ், இது வேண்டாம்னா ஆறு பேர் கொண்ட ஜூரி முன்னாடி வழக்காட உங்களுக்கு உரிமை இருக்கு. தெரியுமா?"

"தெரியும் யுவர் ஆனர்."

"யாராவது உங்களை மிரட்டினாங்களா, ஆசை காட்டினாங்களா?"

"இல்ல."

"பெற்றோரோட குற்றம் ஏதும் இல்லாம, பிள்ளைகள் கவனிப்பு இல்லாம இருந்தாங்க. இதுல இருக்கறது உண்மைன்னு ஒத்துக்கறீங்களா?"

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை. கெஸ்லர் பேனாவை மூடி வைத்துவிட்டார். கவுண்டி வக்கீல் அடுத்த பைலை எடுத்துக்கொண்டிருந்தார். ஓர்லிண்டா வாயைத் திறந்தாள். 'சரிதான் மிஹா' என்ற அவளுடைய குரலே அவள் காதில் விழுந்தது. ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. இன்னொரு தடவை சொன்னால் அது சட்டமாகிவிடும்.

"இல்ல," என்றாள்.

"எது இல்ல?"

"குற்றம் ஏதும் இல்லாமங்கறது இல்ல. அது என் குற்றம்."

கெஸ்லர் எழுந்தார். "யுவர் ஆனர், நான் என் கட்சிக்காரரோட அஞ்சு நிமிஷம்..."

"உக்காருங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்றாள் ஓர்லிண்டா. "அஞ்சு நிமிஷம் போனா எனக்குத் தைரியம் போயிடும்."

நீதிபதி கெஸ்லரைப் பார்த்துவிட்டு ஓர்லிண்டாவிடம் திரும்பினார். "உங்க வக்கீல் சொல்றதக் கேக்கறது உங்களுக்கு நல்லது. பேசறது உங்களுக்கு எதிராப் போகும். புரியுதா?"

"புரியுது. ஆஸ்பத்திரியில ரூபிகிட்ட நான் பொய் சொன்னேன். பெட்டி நிறைய விறகு இருந்துச்சுன்னு சொன்னேன். பெட்டி காலி. முந்தின நாள் சாயங்காலம் நான் நிரப்பல."

அறையில் இருந்தவர்களில் கெஸ்லரைத் தவிர எல்லாரும் பள்ளத்தாக்குக்காரர்கள். பெட்டி நிரப்பவில்லை என்ற வார்த்தை அங்கே எப்படி விழுந்தது என்று அவரால் ஊகிக்க முடிந்திருக்காது. ரூபி தலையைக் குனிந்துகொண்டாள்.

"டெலியாவ வெளிய போகக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்னு சொன்னேன். அதுவும் பொய். விறகு தீர்ந்தா குவியல்ல இருந்து எடுத்துக்கோன்னு சொன்னதே நான்தான். அவ சொன்னபடிதான் செஞ்சா. விளையாடப் போகல. நான் சொன்ன பொய்யக் காப்பாத்த அவளும் பொய் சொன்னா. முந்தாநாள் என்கிட்டயே கேட்டா, சரியாச் சொன்னேனாமான்னு. நான் சரின்னுட்டேன்." சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாலாவது எண்ணுல அவளுக்கு வகுப்பு போட்டிருக்கீங்க. அத அடிச்சுடுங்க. எனக்கு என்ன வேணா போடுங்க."

மிஸ் டோரன்ஸ் தன் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினாள். அவள் முகம் சிவந்திருந்தது. நீதிபதி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்டுக்கும் விறகுக் குவியலுக்கும் எத்தனை அடி?"

"என் காலுக்கு நாப்பது அடி. அவ காலுக்கு அறுபது இருக்கும்."

நீதிபதி அதை எழுதிக்கொண்டார். "பதினொரு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். தப்பில்லன்னு குடுத்தத யாரும் திருப்பிக் குடுத்ததில்ல," என்றார். பாராட்டினாரா, அலுத்துக்கொண்டாரா என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கணக்காகத்தான் நடந்தது. குற்றமின்றி என்ற வரி போய், பெற்றோர் கவனிக்காமல் விட்டார் என்ற வரி வந்தது. பிள்ளைகள் கவுண்டியின் பொறுப்பில் தொடர்வார்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கப்படும். நான்காம் எண்ணை நீதிபதி தன் பேனாவாலேயே அடித்தார். சொன்னதற்காகத் தண்டனையைக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை.

வெளியே ட்ரக்குக்குப் பக்கத்தில் ரூபி வந்து நின்றாள்.

"லூசாடி நீ? அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போயிருப்பியே!"

"தெரியும்."

"என்கிட்ட அன்னிக்கே சொல்லியிருந்தா என்னமோ பண்ணியிருப்பேன்."

"என்னடி பண்ணியிருப்ப? எழுதியிருப்ப."

ரூபி தன் கையுறையைக் கழற்றி ஓர்லிண்டாவிடம் கொடுத்தாள், அவள் தன்னுடையதை உள்ளேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

திங்கட்கிழமை இல்லத்தின் மேலாளர் கூப்பிட்டு, பைல் மூடுகிறவரை வர வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னார். ஓர்லிண்டா உருளைக்கிழங்குக் கிடங்கில் அழுகல் பொறுக்குகிற வேலைக்குப் போனாள். அங்கே யாரும் பேப்பர் கேட்பதில்லை. விஷயம் அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கடையில் இரண்டு பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஓர்லிண்டா காபியை எடுத்துக்கொண்டு, "ஆமாம்மா, நிரப்பல," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை பொம்மை அறைக்குப் போனாள். வெள்ளிக்கிழமை வீடு என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தார்கள், இல்லை என்று ஆனதை மிஸ் டோரன்ஸ் நேரில் போய்ச் சொல்லியிருந்தாள். ஏன் என்பதையும் சொல்லியிருந்தாள். நீலோ ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டான். டெலியா ஜன்னலோரம் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

ஓர்லிண்டா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். டெலியா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"பெட்டி காலின்னு சொன்னியாமே."

"ஆமா."

"காலி இல்ல. மூணு கட்டை இருந்துச்சு. நான் எண்ணினேன்."

"ஆமா மிஹா. மூணு இருந்துச்சு."

"அப்ப அதையும் தப்பாத்தான் சொல்லியிருக்க."

"தப்பாத்தான் சொல்லிட்டேன்."

டெலியா கண்ணாடியில் நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். "அன்னிக்கே ஏன் நிஜத்தைச் சொல்லல?"

"பயம். உங்களைப் புடுங்கிட்டுப் போயிடுவாங்கன்னு."

"அதான் புடுங்கிட்டுப் போயிட்டாங்களே!" சட்டென்று திரும்பினாள். முகமெல்லாம் கோபம், கண்ணில் தண்ணீர். "எனக்கும்தான் பயமா இருந்துச்சு. நான் உனக்காகச் சொன்னேன். நீ எனக்காகச் சொல்லல."

"சொல்லல," என்றாள் ஓர்லிண்டா. "தப்பு என்னோடது. உன்னோடது ஒண்ணுமே இல்ல. தார்ப்பாய் உறைஞ்சு கிடந்ததுகூட உன்னோடது இல்ல."

"அது ரொம்பக் கெட்டியா இருந்துச்சுமா," என்று சொல்லி டெலியா அழ ஆரம்பித்தாள். ஏழு வாரமாக அழாத அழுகை. ஓர்லிண்டா அணைக்கப் போனபோது முதலில் தள்ளிவிட்டாள், பிறகு தள்ளவில்லை. ரூபி மூலையில் இருந்தாள். அவள் எதையும் எழுதவில்லை.

அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு டெலியா கேட்டாள்: "அந்த வகுப்புக்கு நான் போகணுமா?"

"அத நீதிபதியம்மா அடிச்சுட்டாங்க. எனக்குத்தான் வகுப்பு. பன்னிரண்டு வாரம்."

"உனக்கா? என்ன சொல்லித் தருவாங்க?"

"புள்ள வளர்க்க."

டெலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா பென்சிலும் நோட்டுமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை நினைத்திருப்பாள். "வீட்டுப்பாடம் குடுத்தா கொண்டு வா, நான் பார்க்கறேன்," என்றாள்.

ஒரு மணி நேரம் முடிந்தது. வெளியே லொயிஸின் வண்டி ஹாரன் அடித்தது. ரூபி எழுந்து கதவுப் பக்கம் போனாள், வழக்கமாக அவள்தான் திறந்துவிடுவாள். டெலியா தம்பியைப் பிடித்து நிறுத்தினாள். கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை போட்டாள். வலது கையுறையை மாட்டினாள். பிறகு கட்டுப் போட்ட இடது கையைத் தன் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கட்டுக்கு மேலேயே மெதுவாகப் பெரிய கையுறையை இழுத்துவிட்டாள்.

"வலிக்குதாடா?"

"இல்லயே," என்றான் நீலோ. "நீதான் தூக்கமாட்டேங்கற."

டெலியா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ரூபியைத் தாண்டிப் போய், மற்றக் கையால் கதவைத் திறந்தாள்.